ஒட்டாமலே படரும் திரை

மழைக்கால மாலை நேரம். குரோம்பேட்டையில் ஜிஎஸ்டி சாலையிலிருந்து இராஜேந்திர பிரசாத் சாலைக்குள் திரும்பி, அஸ்தினாபுரம் நோக்கி ஒரு பழைய கார் செல்கிறது. எதிரே வரும் பேருந்தின் விளக்கொளி பட்டதும் முன்கண்ணாடி முழுவதும் பால் தெளித்ததுபோல் வெளுத்துவிடுகிறது. ஓட்டுபவர் வைப்பரின் வேகத்தைக் கூட்டுகிறார், பயனில்லை. கைக்குட்டையால் உட்புறத்தைத் துடைக்கிறார்; வெளுப்பு கோடுகோடாக இழுபடுகிறதே தவிர நீங்கவில்லை. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் 11 மீட்டரைக் கடக்கிறது. துடைப்பதற்குச் செலவான இரண்டு நொடிகளில் 22 மீட்டர். தேங்கிய நீரைத் தவிர்க்கச் சாலையின் நடுவே நடந்து வரும் ஒருவர் அந்த 22 மீட்டருக்குள் இருந்தால் என்ன ஆகும்?

முன்கண்ணாடி தெளிவாக இருக்க வேண்டும் என்பதில் சட்டம் கண்டிப்பாகவே இருக்கிறது. முன், பின் கண்ணாடிகள் 70 சதவீத ஒளியையாவது உள்ளே விட வேண்டும் என்கின்றன 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். 2012 ஏப்ரல் 27-இல் உச்சநீதிமன்றம் கார் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டுவதற்குத் தடை விதித்தது. ஆனால், யாரும் ஒட்டாமல் உள்ளிருந்து தானாகவே படரும் திரையை எந்தச் சட்டமும் அளப்பதில்லை. அதைக் கண்டறிய வேண்டியவர் காரின் உரிமையாளர்தான்.

இதில் இருவேறு சிக்கல்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளப்படுகின்றன. ஒன்று நீராவி, மற்றொன்று எண்ணெய்ப் பசை. நீராவி வரும், போகும். பசை வந்தால் தங்கிவிடும். தூய கண்ணாடியில் ஈரம் மெல்லிய தகடாகப் பரவுகிறது. பசை படிந்த கண்ணாடியிலோ எண்ணற்ற நுண்துளிகளாகப் பிரிந்து நிற்கிறது. ஒவ்வொரு துளியும் ஒளியைச் சிதறடிப்பதால்தான் எதிர்வரும் விளக்கில் கண் கூசுகிறது.

முதல் கேள்வி: படலம் உட்புறமா, வெளிப்புறமா? வைப்பரை ஒருமுறை ஓட்டினால் விடை கிடைத்துவிடும். சென்னையின் புழுக்கமான இரவில் காற்றின் வெப்பம் 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், ஏறத்தாழ 26 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். ஏசியின் குளிர்காற்று நேராகக் கண்ணாடியில் மோதினால் வெளிப்புறமே வியர்க்கும். இது பழுதன்று. காற்றின் திசையை மாற்றி, குளிரைச் சற்றுக் குறைத்தால் போதும்.

மழை பெய்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏசியை அணைத்துவிட்டுச் சென்றால் உட்புறம் வியர்க்கும். பயணிகளின் மூச்சும், நனைந்த உடையும் குடையும் அதற்குக் காரணங்கள். உள்காற்றையே சுழற்றும் பொத்தானை நீக்கி, வெளிக்காற்றை எடுக்கவிட்டு, ஏசியை இயக்கி முன்கண்ணாடி நோக்கித் திருப்பினால் சில நிமிடங்களில் தெளியும். ஏசி குளிர்விப்பதோடு காற்றிலுள்ள ஈரத்தையும் பிரித்தெடுக்கிறது. அப்படியும் நாள்தோறும் வியர்த்தால் காருக்குள் எங்கோ நீர் தேங்கியிருக்கிறது என்று பொருள்.

அதைத் தேட வேண்டிய இடம் காலடி. சென்னையின் ஈரக்காற்றில் அரை மணி நேரம் ஏசி ஓடிய காரின் அடியில் நீர் சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் வடிகுழாய் அடைபட்டிருக்கக்கூடும். வெளியேற வேண்டிய நீர் முன்பக்கக் கார்பெட்டின் அடியில் சேரும். ஊசிப்போன பூஞ்சை வாடை இதற்கு அடையாளம். வடிகுழாயின் அடைப்பை நீக்கிவிட்டு, கார்பெட்டையும் அதன் அடியிலுள்ள மெத்தையையும் வெயிலில் உலர்த்தினால் சிக்கல் தீரும். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியதை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளநீரில் நின்ற கார் வெளியே மினுமினுத்தாலும், அதன் கார்பெட்டின் அடியில் சேறும் ஈரமும் தங்கியிருக்கக்கூடும். பழைய கார் வாங்குவோர் கார்பெட்டைத் தூக்கிப் பார்க்கத் தயங்கக் கூடாது.

இனி எண்ணெய்ப் பசை. வெள்ளைக் காகிதத்தால் உட்கண்ணாடியைத் துடைத்து விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால் அதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும்.

முதலாவது, வெயில். டேஷ்போர்டின் பிளாஸ்டிக்கையும் ரெக்ஸினையும் மென்மையாக வைத்திருக்கச் சேர்க்கப்படும் வேதிப்பொருள்கள் வெயிலில் ஆவியாகிக் கண்ணாடியில் படிகின்றன. இரண்டாவது, நாமே பூசுவது. டேஷ்போர்டுக்கான பாலிஷ், புகையிலைப் புகை, ஊதுவத்திப் புகை எல்லாம் இறுதியில் கண்ணாடியைத்தான் சேரும்.

மூன்றாவது காரணம்தான் கவலைக்குரியது: ஹீட்டர் காயில் கசிவு. என்ஜினைச் சுற்றிவரும் கூலன்ட் டேஷ்போர்டின் பின்னால் உள்ள இந்தச் சிறு காயிலுக்கும் செல்கிறது. சென்னையில் யாரும் ஹீட்டரைத் திருகுவதில்லை என்பதால் அப்படியொன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. கூலன்ட்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரையே ஊற்றிவந்த பழைய கார்களில் அது உள்ளுக்குள் அரிக்கப்படுகிறது. கசியும் கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் ஆவியோடு சென்று கண்ணாடியில் பசையாக அப்பிக்கொள்கிறது.

இவற்றைப் பிரித்தறிய வழி எளிது. எல்லாக் கண்ணாடிகளையும் ஒரே நாளில் நன்றாகத் துடைத்துவிட்டு ஒரு வாரம் கவனியுங்கள். பின்கண்ணாடி, பக்கக் கண்ணாடி எங்கும் மெல்லிய படலம் திரும்பினால் வெயிலோ புகையோ காரணம். முன்கண்ணாடியின் அடியில், காற்று வரும் துவாரங்களின் எதிரே மட்டும் அடர்த்தியாகத் திரும்பினால் ஹீட்டர் காயிலைச் சந்தேகியுங்கள். இனிப்பான வாடை, கார்பெட்டில் பிசுபிசுப்பான ஈரம், கூலன்ட் அளவு குறைதல் ஆகியவை சேர்ந்தால் சந்தேகம் உறுதியாகும். என்ஜின் ஆறிய பிறகே கூலன்ட் அளவைப் பார்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

இந்தக் கசிவை அலட்சியப்படுத்தினால் என்ஜின் சூடேறிக் கெடும். உட்கொண்டால் எத்திலீன் கிளைக்கால் கொடிய நஞ்சு என்பதால், சிந்தியதைக் குழந்தைகளும் செல்லப் பிராணிகளும் அண்டாமல் துடைத்துவிட வேண்டும். ஹீட்டருக்குச் செல்லும் இரு குழாய்களையும் ஒன்றாக இணைத்துவிடுவது மெக்கானிக்குகள் கையாளும் மலிவான வழி. சமவெளியில் ஓடும் காருக்கு அது போதும். ஊட்டி, கொடைக்கானல் செல்பவர்கள் காயிலை மாற்றிக்கொள்வதே நல்லது.

காரணம் வெயில்தான் என்று தெரிந்தால் செலவே இல்லை. ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு கலந்த நீரால் துடைத்து, பிறகு தூய நீரால் துடைத்து, உலர்ந்த துணியால் முடிக்க வேண்டும். டேஷ்போர்டைத் துடைத்த துணி கண்ணாடியில் படக் கூடாது. உட்புறத்தைக் கிடைமட்டமாகவும் வெளிப்புறத்தைச் செங்குத்தாகவும் துடையுங்கள். மிஞ்சும் கோடு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை அதன் திசையே சொல்லிவிடும்.

சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனையோடு புதுப்பிக்க வேண்டும். சோதனைக்குச் செல்லும் காலையில் துடைத்த கண்ணாடி பளிச்சென்றுதான் இருக்கும். இடையிலுள்ள ஐந்து மழைக்காலங்களுக்கும் பொறுப்பு நம்முடையது. பட்டறைக்குச் சென்று கண்ணாடி மங்குகிறது என்று மட்டும் சொன்னால் எதை வேண்டுமானாலும் மாற்றச் சொல்லலாம். எந்தப் பக்கம், என்ன வாடை, எங்கே ஈரம் என்று சொல்லத் தெரிந்தால் பழுது மட்டுமே சரிசெய்யப்படும். ஐப்பசி மழை தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை இதற்கென ஒதுக்கலாம். சாலையில் நடந்து வருபவருக்கு நம் கார் தெரிகிறது. அவர் நமக்குத் தெரிகிறாரா என்பதே கேள்வி.