ஜெய்சல்மேர்க் கோட்டையும் குழாய் நீரும்

நம் நாட்டின் கோட்டைகளுள் மிகப் பல இன்று வெறும் காட்சிப் பொருள்களே. அரசர் நீங்கியதும் குடிகளும் நீங்கினர்; காவலரும் நுழைவுச் சீட்டு வழங்குவோருமே எஞ்சினர். ராஜஸ்தானின் மேற்குக் கோடியில் தார்ப் பாலைவனத்தில் எழுந்து நிற்கும் ஜெய்சல்மேர்க் கோட்டை இதற்கு விலக்காகும். சுமார் 3,000 மக்கள் அதன் மதிலுக்குள் இன்றும் குடியிருக்கின்றனர். அரண்மனைக்குப் பணிபுரிந்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள் அவர்களுள் பலர். இக்கோட்டையின் தனிச்சிறப்பு இதுவே. இதற்கு நேர்ந்துள்ள இடரும் இதனோடு பிணைந்ததே.

ராவல் ஜெய்சல் என்னும் ராஜபுத்திர மன்னர் 1156ஆம் ஆண்டில் திரிகூடம் என வழங்கும் குன்றின்மீது இக்கோட்டையை நிறுவினார். சிந்து நாட்டிற்கும் அதற்கு அப்பாலும் சென்ற ஒட்டக வணிகக் கூட்டங்கள் இவ்வழியே கடந்தன. அவை செலுத்திய சுங்கமே பாலைவன அரசின் செல்வம். பம்பாய்த் துறைமுகம் வளர்ந்தபோது அவ்வணிகம் நலிந்தது. 1947இல் நாடு பிரிக்கப்பட்டபோது சிந்து வழி அறவே அடைபட்டது. பின்னர் எல்லைப் பாதுகாப்பின் பொருட்டுச் சாலையும் ரயிலும் வந்தன. அவற்றின் வழியே பயணிகளும் வந்தனர். சத்யஜித் ரே 1974இல் எடுத்த ‘சோனார் கேல்லா’ என்ற படம் வங்காளத்தில் இக்கோட்டையின் புகழைப் பரப்பியது. ஓர் அரசின் சுற்றுலாத் துறை பல்லாண்டு விளம்பரம் செய்தும் பெற இயலாத பயனைக் குழந்தைகளுக்கான அந்த ஒரு படம் தேடித் தந்தது எனலாம்.

கீழேயுள்ள நகரிலிருந்து செல்லும் பயணி, வளைந்து ஏறும் கற்சாய்வில் நான்கு வாயில்களைக் கடந்து தசரா சதுக்கத்தை அடைகிறார். எதிரே அரண்மனை, அதன் ஒரு பகுதி இப்போது அருங்காட்சியகம். குறுகிய சந்துகளினூடே சென்றால் சமணக் கோயில்கள். அவற்றின் சிற்ப நுட்பத்தைக் காண அரைநாள் வேண்டும். அங்குள்ள ஞான பண்டாரம் பழைய ஓலைச் சுவடிகளைக் காத்துவரும் நூலகமாகும். மதிலில் 99 கொத்தளங்கள். முற்றுகையிடுவோர்மீது உருட்டுவதற்கென வைத்த உருண்டைக் கற்களை மதிலின் உச்சியில் இன்றும் காணலாம். மஞ்சள் நிற மணற்கல்லைச் சாந்து இன்றிக் கல்லோடு கல் பொருத்திக் கட்டிய இக்கட்டுமானம் மாலை வெயிலில் பொன்னிறம் கொள்கிறது. கோட்டைக்குப் ‘பொற்கோட்டை’ என்ற பெயர் வந்தது இதனாலேயே.

குழாய் வந்த பின்

இங்கு ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 20 சென்டிமீட்டர் அளவே. கோட்டையைக் கட்டியோர் தண்ணீரை இருவகையில் எண்ணினர். கிணற்றிலிருந்தும், நகருக்கு வெளியே 14ஆம் நூற்றாண்டில் அமைந்த கடீசர் ஏரியிலிருந்தும் குடத்தில் சுமந்து வந்த நீர் சிக்கனமாகச் செலவிடப்பட்டது. எப்போதேனும் பெருமழை பெய்தால் அந்நீர் தங்காமல் நாற்றிசையிலும் வெளியேறுவதற்கு ‘கூட் நாலி’ எனப்படும் வடிகால்கள் அமைக்கப்பட்டன. நீர் உள்ளே ஊறுதல் கூடாது என்பதே அவர்கள் கண்ட பொறியியல். ஏனெனில் அக்குன்று கருங்கல் அன்று. மணற்கல்லும் களிமண் அடுக்குகளும் கலந்த மென்பாறை. ஈரம் புகுந்தால் களிமண் பருத்து இளகும். அதன்மேல் நிற்கும் கொத்தளம் தன் காலை இழக்கும்.

குழாய் நீர் வீடுகளுக்கு வந்தது. 1980களில் இந்திரா காந்தி கால்வாய் நீர் இம்மாவட்டத்தை எட்டியபின் நீர்ப் பஞ்சம் தணிந்தது. குடம் சுமந்த பெண்களுக்கு இது எத்தகைய விடுதலை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் உள்ளே வந்த நீர் அனைத்தும் வெளியேறுவதற்கு ஏற்ற வழி செய்யப்படவில்லை. பழைய வடிகால்கள் மழைக்கென அமைந்தவை. நாள்தோறும் பெருகும் கழிவுநீரை அவை தாங்கமாட்டா. புதிதாய் இட்ட குழாய்களும் கசிந்தன. வீடுகள் விடுதிகளாயின, ஒவ்வோர் அறைக்கும் குளியலறை வந்தது. எட்டு நூற்றாண்டு முற்றுகைகளைக் கண்ட மதிலின் கொத்தளங்கள் சில 1990களில் சரிந்தன, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. உலக நினைவுச்சின்ன நிதியம் 1996இல் இக்கோட்டையை இடருற்றவற்றின் பட்டியலில் சேர்த்தது.

யார் பொறுப்பு?

அதன்பின் வடிகால்களைச் சீரமைத்தலும் கொத்தளங்களை வலுப்படுத்தலும் பல கட்டங்களாக நடைபெற்றுள்ளன. 2013இல் ராஜஸ்தானின் மலைக் கோட்டைகள் ஆறனுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இது இடம்பெற்றது. ஆயினும் 2024 ஆகஸ்டில் பெய்த பெருமழையில் மதிலின் ஒரு பகுதி மீண்டும் சரிந்தது.

நிர்வாகத்தைப் பயில்வோர் கருத வேண்டிய சிக்கல் இங்குதான் உள்ளது. மதிலைக் காப்பது மத்திய அரசின் தொல்லியல் ஆய்வுத் துறை. குடிநீரும் கழிவுநீரும் மாநில, நகராட்சி அமைப்புகளின் பொறுப்பு. வீடுகளோ தனியாருக்கு உரியவை. நீரோ இவ்வெல்லைகளை அறியாது. 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்கு 2010இல் செய்யப்பட்ட திருத்தமும் பாதுகாக்கப்பட்ட சின்னங்களையும் அவற்றின் சுற்றுப்புறத்தையும் கட்டட வேலைகளினின்று காக்கின்றன. இது தேவையே. ஆனால் கசியும் குழாயை மாற்றப் புகும் குடியிருப்போரும், புதிய மாடி எழுப்புவோரும் ஒரே அனுமதி வரிசையில் நிற்க நேரிடின், முன்னவரின் பழுது நீடிக்கும். பின்னவரோ இரவில் கட்டிவிடுவர். பழுதுபார்ப்பதற்கு விரைந்த தனி வழி அமைப்பது கோட்டைக்கு நன்மையே.

குடிகளை வெளியேற்றிவிடலாம் என்னும் யோசனையும் எழுந்ததுண்டு. அது நோயை நீக்க நோயாளியை நீக்குவதாகும். அவர்களுள் பலருக்குப் பயணியே பிழைப்பு. மாற்று வருவாய் காட்டாத எத்திட்டமும் அவர்கள் ஒத்துழைப்பைப் பெறாது. நீர்ச்செலவு மிகும் தங்கும் தொழிலைக் கீழேயுள்ள நகருக்கு மாற்றி, கைவினைக் கடை, சிற்றுண்டி, வழிகாட்டல் ஆகியவற்றை மேலே நிலைநிறுத்துவதே நடைமுறைக்கு ஏற்றது.

பயணி தன் பங்கைச் செய்வது கடினமன்று. அக்டோபர் முதல் மார்ச் வரையிலான காலம் செல்வதற்கு உகந்தது. கீழ்நகரில் மதிலை நோக்கிய விடுதிகள் ஏராளம். இரவு அங்கே தங்கிக் காலையில் கோட்டைக்கு ஏறலாம். உள்ளே தங்குவோருக்கு வாய்க்காத காட்சி ஒன்றும் அவர்களுக்குக் கிட்டும்: கடீசர் ஏரிக்கரையிலிருந்து நோக்கினால், விடியலில் முழுக் கோட்டையும் குன்றோடு சேர்ந்து மெல்ல நிறம் மாறுவதைக் காணலாம்.