27 வயதில் முடிந்த ஆட்டம்

1962 டிசம்பர் 26. சண்டர்லாந்தின் ரோக்கர் பார்க் மைதானம். பந்தைத் துரத்திக்கொண்டு ஓடிய கால்பந்து வீரர் பிரையன் கிளஃப், எதிரே பாய்ந்து வந்த பரி அணியின் கோல்கீப்பர்மீது மோதி விழுந்தார். முழங்கால் தசைநார்கள் அறுந்துபோயின. அப்போது அவருக்கு வயது 27.

மிடில்ஸ்பரோவுக்கும் சண்டர்லாந்துக்குமாக 274 லீக் ஆட்டங்களில் 251 கோல்கள் அடித்திருந்தார். இத்தனை அடித்தும் இங்கிலாந்து அணிக்கு அவரை அழைத்தது இரண்டே ஆட்டங்களுக்கு. 1964-ல் பிடிவாதமாகத் திரும்பி வந்து மூன்று ஆட்டங்கள் ஆடிப் பார்த்தார். கால் இடம்கொடுக்கவில்லை.

1965-ல், 30 வயதில், ஹார்ட்டில்பூல்ஸ் யுனைடெட்டின் மேனேஜரானார். நான்காம் டிவிஷனின் அடியில் கிடந்த, கையில் காசில்லாத கிளப். பஸ் ஓட்டவும் லைசென்ஸ் வாங்கிக்கொண்டார் கிளஃப். துணைக்குக் கூட்டிவந்தது மிடில்ஸ்பரோ காலத்து கோல்கீப்பர் நண்பர் பீட்டர் டெய்லரை. ஆளைக் கண்டுபிடிக்கும் கண் டெய்லருடையது. அந்த ஆளுக்குள் இருக்கும் ஆட்டத்தை வெளியே வரவைக்கும் வித்தை கிளஃபுடையது. இருவரும் சேர்ந்து 1972-ல் டெர்பி கவுண்டியை இங்கிலாந்து சாம்பியனாக்கினார்கள். அடுத்த ஆண்டே நிர்வாகத்தோடு முட்டிக்கொண்டு வெளியேறினார்கள். 1974-ல் லீட்ஸ் யுனைடெட்டுக்குக் கிளஃப் தனியாகப் போனார். அங்கே 44 நாள்தான்.

1975 ஜனவரியில் இரண்டாம் டிவிஷனில் இருந்த நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு வந்தார். மறுவருடம் டெய்லரும் வந்து சேர்ந்தார். அங்கே ஜான் ராபர்ட்சன் என்றொருவர் இருந்தார். உடம்பு பெருத்து, சிகரெட்டும் கையுமாக, அணியில் இடமில்லாமல் ஒதுங்கிக் கிடந்தவர். அவரை இடது ஓரத்தில் நிறுத்தி, பந்தை அவரிடமே கொடுங்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்லிவைத்தார் கிளஃப். முரடர் என்று பெயரெடுத்த ஸ்ட்ரைக்கர் கென்னி பர்ன்ஸைத் தடுப்பாட்டக்காரராக மாற்றினார். 1978-ல் பத்திரிகையாளர்கள் தேர்ந்தெடுத்த சிறந்த வீரர் அவர்தான். இனி உதவாது என்று தள்ளப்பட்டவர்கள்மேல் கிளஃபின் கண் போனதற்கு அவருடைய முழங்காலே காரணம் என்று நான் நினைக்கிறேன். தள்ளப்படுவது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

1977-ல் முதல் டிவிஷனுக்கு ஏறிய ஃபாரஸ்ட், 1978-ல் சாம்பியன். 1979-ல் மியூனிக்கில் மால்மோவை வென்று ஐரோப்பியக் கோப்பை. ராபர்ட்சன் தூக்கிக்கொடுத்த பந்தைத் தலையால் முட்டி உள்ளே தள்ளியவர் பத்து லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கிய டிரெவர் ஃபிரான்சிஸ். 1980-ல் மாட்ரிட்டில் ஹாம்பர்கை வென்று மறுபடியும் அதே கோப்பை. ஆட்டத்தின் ஒரே கோல் ராபர்ட்சன் அடித்தது. உள்நாட்டு லீக்கை ஒரே ஒரு தடவை வென்ற கிளப், ஐரோப்பாவை இரண்டு தடவை வென்றிருக்கிறது!

பெருமையை மட்டும் எழுதிவிட்டுப் போக மனம் ஒப்பவில்லை. ஓரினச்சேர்க்கையாளரான இளம் வீரர் ஜஸ்டின் ஃபஷானுவை அவர் நடத்திய விதம் கொடுமையானது. ஒதுக்கப்பட்டவர்களை அரவணைத்த அந்தக் கை இங்கே நீளவில்லை. கடைசிக் காலத்தில் குடியும் அவரை அரித்தது. 1993-ல் ஃபாரஸ்ட் முதல் வரிசையிலிருந்து இறங்கியபோது விடைபெற்றார், 2004-ல் காலமானார்.

எனக்கு அதிகம் வலிப்பது இன்னொன்று. 1983-ல், டெர்பியின் மேனேஜராகிவிட்டிருந்த டெய்லர், கிளஃபிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ராபர்ட்சனை வாங்கிக்கொண்டார். இருவரும் சேர்ந்து ஆளாக்கிய அதே ராபர்ட்சன்! அதோடு பேச்சு நின்றது. 1990-ல் டெய்லர் இறக்கும்வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பேசாமல் விட்டதற்காகக் கிளஃப் பின்னாளில் வருந்தினார்.

டெர்பி மைதானத்தின் வெளியே 2010-ல் ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள். அதில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள், நடுவில் கோப்பையோடு.