குந்தா மலையில் புலி, குடமுருட்டியில் தண்ணீர்

காவிரியின் கிளையாறான குடமுருட்டி வழியாக வலங்கைமான் வயல்களுக்கு வரும் தண்ணீரில் ஒரு பங்கு நீலகிரி உச்சியில் பிறக்கிறது. அவலாஞ்சி, எமரால்டு பக்கத்துப் புல்வெளிகளிலும் சோலைகளிலும் ஊறிக் கசியும் ஓடைகள் குந்தா ஆறாகிப் பவானியில் விழுந்து, கூடுதுறையில் காவிரியோடு சேர்கின்றன. கடல்மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கு மேலே இருக்கும் அந்தக் குளிர்க்காட்டில் புலியும் செந்நாயும் உண்டு.

2023 செப்டம்பரில் அவலாஞ்சி அருகே ஓடைப் பக்கம் இரண்டு புலிகள் செத்துக் கிடந்தன. சற்றுத் தள்ளி ஒரு மாட்டின் உடல். தன் மாட்டைப் புலி அடித்த கோபத்தில் செத்த மாட்டின்மேல் பூச்சிமருந்தை ஊற்றியதாக மாட்டின் சொந்தக்காரர் கைதானார். பெரிய இரையைப் புலி ஒரே வேளையில் தின்று தீர்ப்பதில்லை. மிச்சத்துக்காக அடுத்தடுத்த இரவுகளில் திரும்பி வரும். விஷம் வைப்பவர்கள் நம்புவது இந்தப் பழக்கத்தைத்தான்.

இப்படி இரண்டு போனால் மிச்சம் எத்தனை? அதற்குக் கணக்கு வேண்டும். 2024 ஏப்ரலில் மயிலாடுதுறைக்குள் சிறுத்தை நுழைந்தபோது வனத்துறை தானியங்கி கேமராக்களைக் கட்டியது டெல்டாக்காரர்களுக்கு நினைவிருக்கும். மலையிலும் அதே கருவிதான். விலங்குகள் நடக்கும் தடத்தின் இருபுறமும் முழங்கால் உயரத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கேமராக்கள். புலியின் இடப்பக்கக் கோடு வேறு, வலப்பக்கக் கோடு வேறு என்பதால் இரண்டு படமும் தேவை. முதலில் பதிவான புலிகளே மறுபடி மறுபடி வந்தால் விடுபட்டவை குறைவு. புதுப்புலிகளாக வந்துகொண்டே இருந்தால், கண்ணில் படாதவை இன்னும் நிறைய. கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் 1990களில் புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் புலிக்குப் பொருத்திக் காட்டிய கணக்கு இது. 2022இல் தமிழகத்துக்குக் கிடைத்த 306 புலிகள் என்ற எண்ணிக்கைக்கும், 2024 ஜனவரியில் வெளியான இந்தியாவின் 718 பனிச்சிறுத்தைகள் என்ற எண்ணிக்கைக்கும் இப்படி விழுந்த படங்களே அடிப்படை.

செந்நாயிடம் இது செல்லாது. உடம்பெல்லாம் ஒரே செம்பழுப்பு. அதன் எச்சத்தைப் பொறுக்கி, மரபணுவைப் பிரித்துத்தான் ஒன்றை இன்னொன்றிலிருந்து அடையாளம் காண்கிறார்கள். அதே எச்சத்தில் கிடக்கும் கடமான் முடி, அது என்ன தின்றது என்பதையும் சொல்லிவிடும்.

கடமானுக்குப் புல் வேண்டும். தோல் பதனிடும் பட்டைக்காக நட்ட சீகை மரங்கள் மலையின் புல்வெளிகளை மூடிப் பரவியிருக்கின்றன. அவற்றை வெட்டி, புல்லை மீட்பது நீண்ட வேலை. முளைத்த கன்றுகளை வருஷாவருஷம் பிடுங்க வேண்டும். ஆனாலும் அது நடந்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன்.

அதைவிட அவசரமானது இழப்பீடு. ஒரு பசுவை நம்பிக் குடும்பம் நடத்துபவரிடம் புலியின் அருமையை மட்டும் பேசிப் பயனில்லை. மாடு செத்த அன்றே வனக்காப்பாளர் வந்து பார்த்து, சில நாளில் பணம் கைக்கு வரவேண்டும். புலி மிச்சத்துக்குத் திரும்பி வருவது அடுத்த இரவே.