ஓட்டை உண்டா, இல்லையா?

காஞ்சிபுரத்தில் பட்டுத்தறி முன் நின்றால் அண்ணாந்து பாருங்கள். தறியின் தலைக்குமேல் ஜக்கார்டு பெட்டி உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் ஓட்டை போட்ட அட்டைகள் சரமாகத் தொங்கும். கரையிலும் முந்தியிலும் வரும் மாங்காயும் யாளியும் அந்த அட்டைகளில்தான் இருக்கின்றன.

நெசவாளர் மிதியை அழுத்தும்போது ஓர் அட்டை ஊசி வரிசைமேல் அழுந்துகிறது. ஓட்டை உள்ள இடத்தில் ஊசி நுழைந்துவிடும். அதோடு இணைந்த கொக்கி நிமிர்ந்தே நிற்கும். மேலெழும் தகடு கொக்கியைத் தூக்க, அதில் கட்டிய பாவு இழையும் எழும்பும். ஓட்டை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளும், கொக்கி விலகும், இழை கீழேயே கிடக்கும். இடையே திறந்த வழியில் ஜரிகை நாடா ஓடும். 240 கொக்கி உள்ள பெட்டியில் ஒவ்வோர் அட்டையும் 240 கேள்விகளுக்கு விடை சொல்கிறது. எழும்பு, எழும்பாதே, மூன்றாவது விடை கிடையாது.

1804இல் பிரான்சின் லியோன் நகரத்தவரான ஜோசப் மரீ ஜக்கார்டு உருவாக்கிய ஏற்பாடு இது. ஜக்கார்டு வருவதற்கு முன்பு காஞ்சியில் இருந்தது ‘அடை’ எனும் நூல்கட்டு முறை. இந்த இருவிடைக் கணக்குக்கு இலக்கணம் எழுதியவர் ஜார்ஜ் பூல்; அவருடைய முக்கிய நூல் 1854இல் வந்தது. கணினியில் ஆம், இல்லை என்ற மதிப்புக்குப் பூலியன் என்ற பெயர் அவரால் வந்ததே.

அட்டையில் ஓர் ஓட்டை தவறினால், சரம் சுற்றிவரும்போதெல்லாம் அதே பிழை புட்டாவில் விழும். நெய்த பட்டைப் பிரிப்பது பெரும்பாடு. அதனால் அட்டையைத் தறியேற்றும் முன்பே சரிபார்க்க வேண்டும். கணினியிலும் அப்படித்தான்: தகவலைக் குறியிட்டு எழுதும் எக்ஸ்எம்எல் கோப்புகளுக்கு அந்தச் சரிபார்ப்பைச் செய்வது ஸ்கீமா என்னும் விதித்தொகுப்பு. 2001இல் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி வெளியிட்ட விதிப்படி பூலியன் புலத்தில் நான்கே எழுத்து வடிவங்கள் செல்லும்: ட்ரூ, ஃபால்ஸ், 1, 0. ஆங்கிலச் சொற்கள் இரண்டும் சிறிய எழுத்தில் இருக்க வேண்டும். பெரிய எழுத்தில் ட்ரூ என்றாலோ, யெஸ் என்றாலோ ஸ்கீமா திருப்பி அனுப்பிவிடும்.

ஆனால் ஸ்கீமா ஏற்றுக்கொண்ட பிறகுதான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு சேலைப் பதிவில் ‘கோர்வை உண்டா’ என்ற புலம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உடலையும் கரையையும் தனி நாடாக்களால் பிணைத்து நெய்வது கோர்வை. உழைப்பு அதிகம், விலையும் அதிகம். பதிவில் 1 என்று இருக்கிறது. நிரலோ ட்ரூ என்ற சொல்லை மட்டும் தேடினால் கோர்வைச் சேலை சாதாரணச் சேலையாகிவிடும், நெசவாளருக்கு நஷ்டம். மறுபுறம், காலியாக இல்லாத எந்த எழுத்துச் சரத்தையும் ஆம் என்று கொள்ளும் நிரல்மொழிகள் உண்டு. அவற்றில் ஃபால்ஸ் என்ற எழுத்தும் ஆம் ஆகிவிடும். கோர்வை இல்லாத சேலை கோர்வை என்று விலைபோகும். இது வாங்குபவருக்குச் செய்யும் துரோகம்.

விடையே எழுதாமல் விட்ட புலம் இன்னும் ஆபத்தானது. பதில் தெரியாததும், இல்லை என்பதும் வேறு வேறு.

ஆகவே, கைத்தறிப் பதிவுகளுக்கு மென்பொருள் எழுதும் இளைஞர்களே, கோர்வை, அசல் ஜரிகை போன்ற புலங்களைக் கட்டாயமாக்குங்கள். இயல்பு மதிப்பு கொடுத்து மழுப்பாதீர்கள். நான்கு வடிவங்களையும் வாசலிலேயே ஒரே முறை பூலியனாக மாற்றிவிட்டு, அதன்பின் எழுத்தை எங்கும் ஒப்பிடாதீர்கள்.