பரணில் பழைய வாள் கிடைச்சிருக்கா? உப்புத்தாளைக் கையில் எடுக்கும் முன் இதைப் படிங்க!

வீட்டைக் காலி செய்யும்போது பரணில் ஒரு பழைய வாள் கிடைக்கிறது. பார்த்தால் முழுக்கத் துரு. நம்மில் பெரும்பாலானவர்கள் அடுத்து என்ன செய்வோம்? உப்புத்தாள், எலுமிச்சம்பழம், மெட்டல் பாலிஷ். அரை மணி நேரத்தில் வாள் பளபளக்கும். கூடவே அதன் வயது, ஊர், செய்த விதம் சொல்லும் தடயங்களும் துணியோடு துடைத்துப் போயிருக்கும். திரும்பக் கொண்டுவரவே முடியாது.

மாமல்லபுரம் திரௌபதி ரதத்துக்குள் எட்டிப் பாருங்கள். துர்க்கையின் காலடியில் மண்டியிட்ட ஒருவர், தன் தலையையே காணிக்கையாக்க வாளை எடுத்திருக்கிறார். கல்லில் செதுக்கிய அந்த வாள் சுமார் 1,300 ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது. இரும்பு வாளுக்கு, அதுவும் உப்புக்காற்று வீசும் இந்தக் கரையில், அந்தக் கொடுப்பினை இல்லை. அதனால் மிஞ்சியதைச் சரியாகப் பார்க்கத் தெரிவது முக்கியம்.

ஜப்பான் வாளை ஏன் உதாரணமாக எடுக்கணும்?

பழைய வாளின் குறைகளைப் பெயர் வைத்து, வகை பிரித்து, தரம் போடும் வழக்கம் ஜப்பானில் மிக ஆழமாக வேரூன்றியது. 1948-ல் தொடங்கிய வாள் பாதுகாப்புச் சங்கம் அங்கே இன்றும் வாள்களைச் சோதித்துச் சான்றிதழ் தருகிறது. நம்ம நாட்டிலும் ஜப்பான் வாள்கள் கண்ணில் படக் காரணம் உண்டு. 1945-ல் பர்மா, மலேயா பகுதிகளில் ஜப்பானிய அதிகாரிகள் சரணடைந்தபோது தங்கள் வாள்களையும் ஒப்படைத்தார்கள். எதிரே நின்ற படைகளில் இந்திய வீரர்கள் ஏராளம்.

எந்தக் குறை வாளைக் 'கொல்லும்'?

எல்லாக் குறையும் ஒன்றல்ல. அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரே ஒரு பல்பின் வெளிச்சத்தில் அலகை மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். தேட வேண்டியவை இவை:

● ஹாகிரே: வெட்டுவாய்க்குக் குறுக்கே ஓடும் விரிசல். தலைமுடி அளவுக்குத்தான் இருக்கும், சட்டென்று தெரியாது. வெட்டும்போது வாள் அங்கேதான் முறியும். இதைச் சரிசெய்ய வழியே இல்லை. மதிப்பு ஒரேயடியாகச் சரியும்.

● தணல் பட்ட வாள்: வெட்டுவாயை ஒட்டி வெண்மேகம் போல ஓடும் கோட்டை 'ஹாமோன்' என்பார்கள். அலகில் களிமண் பூசி, சூடாக்கி, தண்ணீரில் முக்கும்போது உருவாவது அது. தீவிபத்தில் சிக்கினால் அந்தக் கடினம் போய்விடும். பிறகு யாராவது திரும்பப் பதமேற்றியிருந்தால் அது மறுபதம். பழைய வாள்தான், ஆனால் பழைய கொல்லரின் வேலை அதில் இல்லை.

● தேய்ந்து களைத்த வாள்: திரும்பத் திரும்ப மெருகேற்றியதில் மேல்தோல் எஃகு தேய்ந்து, உள்ளே இருக்கும் மென்மையான இரும்பு திட்டுத்திட்டாகத் தெரியும். இதற்கும் மருந்து கிடையாது.

● கொப்புளம், நீளவாக்குப் பிளவு: எஃகை மடித்து மடித்து அடிக்கும்போது அடுக்குகள் சரியாக ஒட்டாத இடங்கள். பார்க்க அழகு குறையும். ஆனால் வயதான வாளில் சின்னதாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம்.

● மேல்துரு, சின்னப் பல் விழுந்தது: இது பயப்படும் விஷயமே இல்லை. பயிற்சி பெற்ற மெருகுக் கலைஞர் சரிசெய்வார். நாம் கை வைத்தால்தான் ஆபத்து.

போலியை எப்படிப் பிடிப்பது?

பிடிக்குள் செருகியிருக்கும் காம்புதான் வாளின் ஜாதகம். கொல்லரின் கையெழுத்து அங்கேதான் இருக்கும். நூற்றாண்டுகள் தாண்டிய காம்பில் துரு கரும்பழுப்பாக, இறுகிப்போய் இருக்கும். செங்காவி நிறத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்தால் சந்தேகப்படுங்கள். அந்தக் கறுப்புத் துருவை மட்டும் எக்காரணம் கொண்டும் சுரண்டக் கூடாது. வயதுக்கு இருக்கும் பெரிய சாட்சியே அதுதான்.

கையெழுத்தை நம்பி ஏமாறவும் வேண்டாம். பேர்பெற்ற கொல்லர் பெயரைப் போலியாக வெட்டுவது ஜப்பானில் பல நூறு ஆண்டுப் பழக்கம். அலகில் வரிசை எண் அச்சடித்திருந்தால், அது பெரும்பாலும் உலகப் போர் காலத்து ஆலைத் தயாரிப்பு. ஹாமோன் கோடு தட்டையாக, வரைந்தது மாதிரி இருந்தால் அமிலம் தடவிய நகலாக இருக்கலாம்.

நம்ம ஊர் வாளுக்கும் இதே கணக்கா?

பாதி ஆமாம், பாதி இல்லை. தென்னிந்தியாவின் பெருமை உருக்கு எஃகு. ஆங்கிலத்தில் 'வூட்ஸ்' என்று உலகம் அறிந்த பெயரே 'உருக்கு', 'உக்கு' என்ற சொற்களிலிருந்து வந்தது என்பார்கள். இதன் அடையாளம் அலகில் தண்ணீர் அலை போல ஓடும் நெளிவுகள். உப்புத்தாள் போட்டால் முதலில் மறைவது அதுதான். அதிகமாகச் சூடாக்கினால் நெளிவே அழிந்துவிடும்.

இன்னொரு வித்தியாசம்: அலகு ஐரோப்பாவுடையது, பிடி தஞ்சாவூருடையது என்று ஒரு வாள் வந்தால் 'ஒட்டுப்போட்ட போலி' என்று ஒதுக்காதீர்கள். வெளிநாட்டு அலகுக்கு நம்ம ஊர்ப் பிடி போடுவது அந்தக் காலத்தில் சகஜம். அந்த வாளுக்கு 'ஃபிரங்கி' என்றே பெயர். தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த ஆயுதங்கள் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நேரில் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ள நல்ல இடம்.

இரண்டு உலகத்துக்கும் ஒரு பாலமும் உண்டு. 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யசுட்சுகு என்ற ஜப்பானியக் கொல்லர், 'நன்பன் இரும்பு', அதாவது வெளிநாட்டார் கப்பலில் வந்த இரும்பு கலந்து செய்தது என்று வாளிலேயே பொறித்தார். அதில் இந்திய எஃகும் இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சிலரின் கருத்து. அதே நூற்றாண்டில் டச்சு கம்பெனி சோழமண்டலக் கரையில் துணியோடு இரும்பும் எஃகும் வாங்கி ஏற்றியது. அந்தக் கம்பெனியின் கோட்டைகளில் ஒன்று, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் சதுரங்கப்பட்டினம். அடுத்த முறை ஈசிஆர் பக்கம் போனால் ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க.

கடலோர வீட்டில் எப்படி வைப்பது?

விரல் படக் கூடாது. வியர்வையில் உள்ள உப்பு ரேகையாகவே துருவேறும். பருத்தி கையுறை போடுங்கள். தையல் மெஷின் எண்ணெயை மெல்லிசாகத் தடவினால் போதும், தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துக் கெட்டுப்போகும். தோல் உறைக்குள் வைக்காதீர்கள், அது ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். துரு ஆரஞ்சு நிறத்தில் நீர்த்துளி போலக் கசிந்தால், உள்ளே உப்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். உடனே அருங்காட்சியகப் பாதுகாப்பு வல்லுநர்களிடம் கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, நூறு வயதைத் தாண்டிய இத்தகைய பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அவற்றை விற்கும் தொழிலுக்கு உரிமம் தேவை. நிலத்தைத் தோண்டும்போது கிடைத்தால், 1878-ம் ஆண்டு புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் நிறைந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் இது வெறும் ஏட்டுச் சட்டம் இல்லை. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டமும் வாளுக்குப் பொருந்தும். வெளியே எடுத்துப் போகும் முன் காவல் நிலையத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. ரீல்ஸுக்காகத் தெருவில் வீசிக் காட்டுவது வம்பை விலைக்கு வாங்குவதுதான்.

ஆக, வாள் கிடைத்த அன்று செய்ய வேண்டியது மூன்றே விஷயம். நல்ல வெளிச்சத்தில் இருபுறமும், முடிந்தால் காம்பையும் போட்டோ எடுங்கள். அது யாருடையது, எங்கிருந்து வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். தெரிந்தவர் ஒருவர் பார்க்கும்வரை துருவை அப்படியே விட்டுவிடுங்கள்.