கோதுமை தவறி உள்ளே போனால் மாத்திரை காப்பாற்றுமா?



கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். சீலியாக் நோய் இருப்பதால் உங்களுக்குக் கோதுமை ஆகாது. ஆகவே பூரியை ஒதுக்கிவிட்டீர்கள். சேமியா பாயசத்தையும் தொடவில்லை. “உளுந்து வடைதானே அக்கா, தாராளமாகச் சாப்பிடுங்கள்” என்று பரிமாறும் பெண் இரண்டு வடைகளை இலையில் வைக்கிறாள். நம்பிச் சாப்பிடுகிறீர்கள். மாலையில் வயிறு உப்புகிறது. இரவெல்லாம் வயிற்றுப்போக்கு. மறுநாள் விசாரித்தால், மாவு நீர்த்துப் போனதால் இரண்டு பிடி ரவை சேர்த்தார்களாம்! ரவை என்பது என்ன? கோதுமைதானே!

பக்கத்து வீட்டு அம்மாள் வந்து ஆறுதல் சொல்கிறார்: “மருந்துக் கடையில் செரிமான என்சைம் மாத்திரை விற்கிறது. ஒரு போத்தல் வாங்கி வைத்துக்கொள். அப்புறம் ரொட்டி சானாய்கூடச் சாப்பிடலாம்.”

இந்த யோசனையை நம்பலாமா? அதைத்தான் இங்கே ஆராயப் போகிறோம்.

இது எப்படிப்பட்ட நோய்?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் பசைப்புரதம் இருக்கிறது. பரோட்டா மாவு ரப்பர்போல் இழுபடுவது இதனால்தான். சீலியாக் நோய் உள்ளவரின் உடல் இந்தப் புரதத்தைப் பகைவனாக எண்ணிப் போர் தொடுக்கிறது. அந்தப் போரில் அடிபடுவது அவருடைய சிறுகுடலே. உணவுச் சத்தை உள்வாங்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. உண்ட சோறு உடம்பில் ஒட்டுவதில்லை. இரத்தசோகை வருகிறது, எலும்பு மெலிகிறது, பிள்ளைகள் வளர்ச்சி குன்றுகிறார்கள்.

இந்த உண்மையை உலகுக்குக் காட்டியவர் வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். கோதுமையின் மேல் அவருக்கு முன்பே சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் போரினால் நெதர்லாந்தில் கடும் பஞ்சம் ஏற்பட்டு ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே பட்டினியில் வாடியபோது, இந்நோய் கண்ட குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடியும் நோயில் விழுந்தார்கள். அவர் 1950-ல் தம் ஆய்வை எழுதி வெளியிட்டார்.

“இது வெள்ளைக்காரர் நோய், நமக்கேன் கவலை?” என்று எண்ண வேண்டாம். மலேசியாவில் பல இன இளைஞர்களிடம் இரத்தப் பரிசோதனை செய்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று அதிகமானோரிடம் இந்நோயின் அடையாளம் தென்பட்டது.

நொதி என்ன செய்யும்?

என்சைம் என்பதைத் தமிழில் நொதி என்கிறோம். உணவைத் துண்டு துண்டாக வெட்டும் கத்தரிக்கோல் என்று அதை வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றிலும் கணையத்திலும் சுரக்கும் நொதிகள் இறைச்சி, பருப்பு முதலியவற்றின் புரதங்களை நன்றாக வெட்டிவிடும். குளூட்டனிடம் மட்டும் அவை திணறுகின்றன. புரோலின், குளூட்டமின் என்னும் இரண்டு அமினோ அமிலங்கள் அதில் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. 33 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு துண்டு, எந்த நொதிக்கும் அசையாமல் சிறுகுடல்வரை வந்து சேர்கிறது என்று 2002-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். கலகம் செய்வது இத்தகைய துண்டுகள்தாம்.

அப்படியானால், அதையும் வெட்டும் கத்தரிக்கோலை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன? நல்ல கேள்விதான். விஞ்ஞானிகளும் அதைத்தான் கேட்டார்கள்.

கடையில் கிடைத்த ஐந்து வகை நொதி மாத்திரைகளைச் சோதித்து, 2015-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தீங்கு செய்யும் துண்டுகளை அவற்றில் ஒன்றுகூடச் சரியாக அழிக்கவில்லை. ஒருவகைப் பூஞ்சணத்திலிருந்து எடுக்கப்படும் வேறொரு நொதி மட்டும் அந்தச் சோதனையில் நன்றாக வேலை செய்தது. ஆனால் அதை விழுங்கிவிட்டுக் கோதுமை உண்ணலாம் என்று எவரும் நிரூபிக்கவில்லை.

இரண்டு நொதிகளைச் சேர்த்து லாட்டிகுளூட்டனேஸ் என்ற மருந்தையும் ஆராய்ந்து வருகிறார்கள். ஏறக்குறைய 500 நோயாளிகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 2017-ல் வெளியானது. வெற்று மருந்து உண்டவர் குடலுக்கும் உண்மை மருந்து உண்டவர் குடலுக்கும் வேறுபாடு தெரியவில்லை. 2022-ல் வெளியான இன்னொரு சோதனையில் நோயாளிகளுக்குத் தினம் 2 கிராம் குளூட்டனை ஆறு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து உண்டவர்களுக்குக் குடல் சேதம் குறைவாக இருந்தது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆயினும் இந்நோய்க்கென அங்கீகாரம் பெற்ற நொதி மருந்து எதுவும் இன்னும் கடைக்கு வரவில்லை.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு ரொட்டி சானாயில் சுமார் 5 கிராம் குளூட்டன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் வாங்கிய மாத்திரை மிக நல்ல மாத்திரை, நூற்றில் 99 பங்கை அழித்துவிட்டது என்றே கொள்வோம். மிஞ்சுவது எவ்வளவு? 50 மில்லிகிராம். தினம் அந்த அளவு குளூட்டன் மூன்று மாதம் உள்ளே போனாலே குடலைக் கெடுத்துவிடும் என்று 2007-ல் இத்தாலிய மருத்துவர்கள் காட்டியிருக்கிறார்கள். உண்மை மாத்திரைகளோ 99 பங்கு என்ற பேச்சுக்கே கிட்ட வருவதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. நொதி தன் வேலையை இரைப்பையில், உணவு அங்கே இருக்கும்போதே செய்தாக வேண்டும். கல்யாண வீட்டு வடையில் ரவை இருந்தது உங்களுக்கு எப்போது தெரிந்தது? மறுநாள்! அதற்குள் அந்த ரவை குடலுக்குப் போய்விட்டது. பிறகு விழுங்கும் மாத்திரை, இரயில் போனபின் வாங்கிய டிக்கெட்டுத்தான்.

மாத்திரை போட்டேன், வலி வரவில்லை என்று சிலர் மகிழ்வார்கள். வலி இல்லாமலேயே குடல் தேய்வதும் இந்நோயின் குணம் என்பதை மறக்க வேண்டாம். சிலருக்குக் கணையம் சரியாக வேலை செய்யாததால் டாக்டரே நொதி மாத்திரை எழுதித் தருவதுண்டு. அது வேறு விஷயம், அதை நிறுத்திவிடாதீர்கள்.

தவறிச் சாப்பிட்டுவிட்டால்?

பதறாதீர்கள். தண்ணீரும் உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் அடிக்கடி குடியுங்கள். ஓய்வெடுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எங்கே சாப்பிட்டீர்கள் என்று ஒரு தாளில் குறித்து வைத்து, அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள். வயிற்றுப்போக்கு நிற்காமல் தலை சுற்றினாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். “கெட்டது கெட்டாயிற்று” என்று அன்றைக்கே பரோட்டாவையும் ஒரு கை பார்க்காதீர்கள். மறுவேளையிலிருந்தே பத்தியத்தைத் தொடருங்கள். விடாமல் பத்தியம் காத்தால் தேய்ந்த குடலுறிஞ்சிகள் மறுபடியும் வளர்கின்றன.

காவல் சமையலறையில்தான்

நமக்கு ஒரு பாக்கியம் உண்டு. சோறு, இட்லி, இடியப்பம், புட்டு, கேழ்வரகுக் களி, மரவள்ளிக் கிழங்கு, பருப்பு, மீன், கீரை இவையெல்லாம் இயல்பாகவே குளூட்டன் இல்லாதவை. ஒளிந்து வருவதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கிச்சாப் பலவற்றில் கோதுமை உண்டு. மைலோ, ஹார்லிக்ஸ் போன்ற பானங்களில் மால்ட் இருக்கிறது. உடம்புக்குக் குளிர்ச்சி என்று நாம் குடிக்கும் பார்லித் தண்ணீரும் ஆகாது. பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரிக்கக் கூடாது. சப்பாத்தி சுட்ட கல்லைக் கழுவாமல் தோசை ஊற்றக் கூடாது.

பொட்டலத்தின் மேல் உள்ளதைப் படியுங்கள். மலாயில் ‘கண்டும்’ என்றால் கோதுமை; ‘தெப்போங் கண்டும்’ என்றால் கோதுமை மாவு. படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பள்ளி போகும் பேரப்பிள்ளைகள் படித்துச் சொல்லட்டும்.

உங்களுக்கும் இந்நோய் இருக்குமோ என்று ஐயமா? நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். கோதுமை உண்டுவரும் காலத்தில் செய்தால்தான் இரத்தப் பரிசோதனையும் குடல் பரிசோதனையும் உண்மையைச் சொல்லும். முதலில் டாக்டரைப் பாருங்கள்.

கல்யாண வீட்டுத் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. “இதில் கோதுமை சேர்ந்திருக்கிறதா?” என்று ஒருவர் கேட்டால் அதைப் பிகு என்று எண்ணாதீர்கள். “ஒரு வாய் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது” என்று வற்புறுத்தவும் வேண்டாம். சமையற்காரரைக் கூப்பிட்டு உள்ளதை உள்ளபடி கேட்டுச் சொல்லுங்கள். அந்த ஒரு நிமிடப் பேச்சு, மருந்துக் கடை மாத்திரையைவிட அவருக்கு அதிகம் உதவும்.