விமான என்ஜினுக்கும் ஆயுள் கணக்கு!
54 ஆயிரம் தடவை தாங்கும் என்றார்கள், 15,503-ல் உடைந்தது

மனிதனின் ஆயுள் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் விமான என்ஜினில் சுழலும் தட்டுக்கு ஆயுள் இவ்வளவுதான் என்று முன்கூட்டியே எழுதி வைத்து விடுகிறார்கள்!

எப்படி?

ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துப் பாருங்கள். முதல் தடவை ஒடியாது. வளைத்துக்கொண்டே இருந்தால் "டக்"கென்று ஒடிந்து விடும். உலோகத்துக்கும் களைப்பு உண்டு.

விமானம் ஒருமுறை கிளம்பி இறங்கினால் அது ஒரு "சுற்று". ஒவ்வொரு சுற்றிலும் தட்டு இழுபட்டுத் தளர்கிறது. எத்தனை சுற்றில் விரிசல் விழும் என்று கணக்குப் போட்டு, அதற்கு வெகு முன்பாகவே கெடு வைக்கிறார்கள். கெடு முடிந்தால் கழற்றிவிட வேண்டியதுதான். "நல்லாத்தானே இருக்கு, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமே" என்ற பேச்சுக்கே இடம் இல்லை.

நடுவானில் "டமார்"

1989-ம் ஆண்டு ஜூலை 19-ந்தேதி அமெரிக்காவில் இந்தக் கணக்கு பொய்த்தது.

டென்வரில் இருந்து சிகாகோவுக்கு 296 பேருடன் "யுனைடெட்" டி.சி.10 விமானம் பறந்து கொண்டிருந்தது. 37 ஆயிரம் அடி உயரத்தில் "டமார்" என்று சத்தம். வால் என்ஜினின் விசிறித் தட்டு உடைந்து சிதறியது. ஹைட்ராலிக் குழாய்கள் அறுந்தன. விமானத்தைத் திருப்பவே முடியவில்லை.

பைலட் ஆல் ஹேய்ன்சும் உடன் இருந்தவர்களும் மீதி 2 என்ஜின்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்துமே 44 நிமிடம் சமாளித்தார்கள். சூ சிட்டி விமான நிலையத்தில் விமானம் தரையில் மோதித் தீப்பிடித்தது. 112 பேர் பலியானார்கள். 184 பேர் உயிர் தப்பினார்கள்.

கடுகு அளவு குறை

3 மாதம் கழித்து, மக்காச்சோளக் காட்டில் தட்டின் பெரும்பகுதி கிடைத்தது. இரண்டு மூட்டை அரிசியை விடக் கனமான டைட்டானியம் தட்டு அது.

54 ஆயிரம் சுற்று தாங்கும் என்று கணக்கு. பாதுகாப்புக்காக அதில் மூன்றில் ஒரு பங்கு, 18 ஆயிரம்தான் கெடு. கெடுவுக்கு 2,497 சுற்று பாக்கி இருக்கும்போதே உடைந்து விட்டது!

காரணம்? உலோகத்தை உருக்கியபோதே உள்ளே கடுகு அளவில் ஒரு குறை சேர்ந்து விட்டது. அங்கிருந்துதான் விரிசல் வளர்ந்தது. கணக்குப் போட்டதோ குறையே இல்லாத உலோகத்துக்கு! 760 சுற்றுகளுக்கு முன் நடந்த சோதனையிலும் விரிசல் கண்ணில் படவில்லை.

புதுக் கணக்கு

டைட்டானியத்தை வெற்றிடத்தில் 3 தடவை உருக்கும் முறை விபத்துக்கு முன்பே வந்து விட்டது. ஆனால் இந்தத் தட்டு அதற்கும் முன்பே செய்யப்பட்டது. "உள்ளே குறை இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடு" என்று 2001-ல் அமெரிக்க விமானத்துறை வழிமுறை வெளியிட்டது. இதற்காகவே டெக்சாசில் உள்ள சவுத்வெஸ்ட் ஆராய்ச்சி நிலையம் "டார்வின்" என்ற கம்ப்யூட்டர் புரோகிராமை உருவாக்கியது.

குறை எங்கே ஒளிந்திருக்கலாம், எத்தனை சுற்றில் வளரும், எப்போது சோதித்தால் சிக்கும் என்று அது கணக்குப் போட்டுச் சொல்லி விடும்.